சீலகாந்த்: மெதுவாக வாழ்ந்தே தப்பித்த மீன்

சீலகாந்த் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் முதல் பத்தியிலேயே 'வாழும் புதைபடிவம்' என்ற பட்டம் வந்துவிடும். டைனோசர் காலத்துக்கும் முந்தைய மீன், 40 கோடி ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது, கொஞ்சமும் மாறவில்லை என்று கதை போகும். இதில் முதல் பாதி சரி. மாறவேயில்லை என்ற இரண்டாம் பாதி தவறு. அந்தத் தவறால் ஒரு நல்ல கேள்வி அடிபட்டுப் போகிறது. பூமியின் மிகப் பெரிய அழிவுகள் எத்தனையோ வந்து போயின. ஆயிரக்கணக்கான மீன் இனங்கள் தடம் தெரியாமல் போயின. இந்த ஒரு குடும்பம் மட்டும் எப்படித் தப்பியது? 'மாறாமல் இருந்தது, அதனால் இருக்கிறது' என்பது இதற்குப் பதிலே இல்லை.

சீலகாந்தை அறிவியல் உலகம் முதலில் பார்த்தது கல்லில்தான். 1830களில் லூயி அகாசி என்ற சுவிஸ் ஆய்வாளர் புதைபடிவங்களை வைத்து இதற்குப் பெயர் சூட்டினார். அப்புறம் பல கண்டங்களிலும் படிவங்கள் கிடைத்தன. நம் கோதாவரிப் படுகையின் கோட்டா பாறை அடுக்கிலும் ஜுராசிக் காலத்துச் சீலகாந்த் ஒன்று கிடைத்திருக்கிறது. 1974இல் அதற்கு இண்டோசீலகாந்தஸ் என்று பெயரிட்டார்கள். மிகப் பழைய படிவங்களுக்கு வயது ஏறக்குறைய 41 கோடி ஆண்டு. அங்கிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்த படிவங்கள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் மறைந்த அதே கட்டத்தில், நின்றுவிடுகின்றன. அதற்குப் பின் எந்தப் பாறையிலும் இல்லை. அப்படியானால் அழிந்துவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நூறு ஆண்டுகளாக எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

1938 டிசம்பர் 22 அன்று தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துக்கு 'நெரீன்' என்ற இழுவைமடிப் படகு வந்தது. சலும்னா ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே மடி இழுத்துவிட்டு வந்திருந்தது. படகுத் தலைவர் ஹென்ட்ரிக் கூசன், விசித்திரமாக ஏதாவது மாட்டினால் உள்ளூர் அருங்காட்சியகத்துக்குச் சொல்லி அனுப்புவார். அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமருக்கு அப்போது வயது 31. படகுக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனவர், சுறாக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு நீலத் துடுப்பு நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். மேலே கிடந்ததைத் தள்ளிப் பார்த்தால் ஐந்தடி நீள மீன். கருநீல உடம்பு, அதில் வெள்ளைத் திட்டுகள், கவசம் போலக் கெட்டியான செதில்கள். துடுப்புகள் உடம்பிலிருந்து நேராக முளைக்காமல், சதைப்பற்றுள்ள குட்டைக் கைகளின் நுனியில் இருந்தன. எடை 57 கிலோ.

தென்கோளத்தில் டிசம்பர் என்றால் கோடை. மீன் நாற ஆரம்பித்துவிட்டது. டாக்சிக்காரர் முதலில் ஏற்ற மாட்டேன் என்றார். லாட்டிமர் பிணவறையில் வைக்க இடம் கேட்டார், மறுத்தார்கள். குளிர்பதனக் கிடங்கிலும் மறுத்தார்கள். கடைசியில், செத்த விலங்குகளைப் பாடம் செய்யும் ஒருவரிடம் கொண்டுபோய், ஃபார்மலினில் நனைத்த செய்தித்தாளைச் சுற்றிவைத்தார். கூடவே மீனின் படத்தைக் கையால் வரைந்து, மீன்களைப் பற்றி நன்கு அறிந்த வேதியியல் விரிவுரையாளர் ஜே. எல். பி. ஸ்மித்துக்குக் கடிதம் எழுதினார். ஸ்மித் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்ததால் கடிதம் கையில் கிடைக்க ஜனவரி 3 ஆகிவிட்டது. எலும்புக்கூட்டையும் செவுளையும் எப்படியாவது காப்பாற்றுங்கள் என்று அவர் தந்தி அடிப்பதற்குள், உள்ளுறுப்புகள் அழுகிக் குப்பைக்குப் போய்விட்டன. தோல் மட்டும் மிஞ்சியது. பிப்ரவரியில் நேரில் வந்து பார்த்த ஸ்மித் அதற்கு லாட்டிமேரியா சலும்னே என்று பெயரிட்டார். அந்தப் பெண்ணின் பெயரும் அந்த ஆற்றின் பெயரும் சேர்ந்த பெயர். பெரிய பட்டமோ வசதியோ இல்லாத ஒருவர், இது சாதாரண மீன் இல்லை என்று விடாப்பிடியாக நின்றதால் கிடைத்த கண்டுபிடிப்பு இது. ஸ்மித்தின் பெயரைவிட அவர் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

முழு மீன் ஒன்று வேண்டும் என்று ஸ்மித் 14 ஆண்டு அலைந்தார். கண்டுபிடிப்பவருக்கு 100 பவுண்டு பரிசு என்று படம் போட்டுத் துண்டறிக்கை அச்சடித்து, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் போர்த்துகீசியத்திலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முழுக்கப் பரப்பினார். 1952 டிசம்பரில், ஆப்பிரிக்கக் கரைக்கும் மடகாஸ்கருக்கும் இடையே உள்ள கொமோரோ தீவுகளின் அஞ்சுவான் தீவில் அடுத்த மீன் கிடைத்தது. அதை எடுத்துவரத் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ராணுவ விமானமே கொடுத்தார்.

ஆனால் கொமோரோக்காரர்களுக்கு இது புது மீனே இல்லை. அவர்கள் அதை கொம்பெஸ்ஸா என்பார்கள். மிதவைக் கட்டை கட்டிய சிறு தோணியில் இரவில் போய், வேறு மீனுக்காக ஆழத்தில் தூண்டில் இறக்கும்போது எப்போதாவது இது வந்து மாட்டும். சதையெல்லாம் எண்ணெய், சாப்பிட ஆகாது, அதனால் யாரும் இதைத் தேடிப் போனதில்லை. இதேதான் 1990களின் கடைசியில் இந்தோனேசியாவிலும் நடந்தது. 1997இல் மார்க் எர்ட்மன் என்ற ஆய்வாளரும் அவர் மனைவியும் சுலவேசித் தீவின் மனாடோ சந்தையில் தள்ளுவண்டியில் ஒரு சீலகாந்து போவதைப் பார்த்தார்கள். கொமோரோவிலிருந்து ஏறக்குறைய 10,000 கிலோமீட்டருக்கு அப்பால்! அங்குள்ள மீனவர்கள் அதை ராஜா லாவுட் என்றார்கள், கடலரசன் என்று பொருள். அடுத்த ஆண்டு உயிருடன் ஒன்று பிடிபட்டது. 1999இல் அதைத் தனி இனமாக அறிவித்தார்கள். நீலத்துக்குப் பதில் பழுப்பு நிறம்.

சரி, இப்போது அந்த 'மாறவில்லை' என்ற பேச்சுக்கு வருவோம்.

கல்லில் இருக்கும் சீலகாந்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு ஐந்து நிமிடம் தாங்காது. அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த அலெனிப்டெரஸ், முதுகு கூன் விழுந்து வால் பக்கம் கூராகக் குறுகிப்போன சிறு மீன். கனடாவில் கிடைத்த, டைனோசர்கள் தோன்றிய டிரயாசிக் காலத்தைச் சேர்ந்த ரெபெலாட்ரிக்ஸுக்குச் சூரை மீனுக்கு இருப்பதுபோல் கவை வால். வேகமாக விரட்டி வேட்டையாடியிருக்கும். அதே காலத்து ஃபோரேயியா என்ற சுவிஸ் மீன், தலை பெருத்து உடம்பு குறுகி, சீலகாந்து என்றே நம்ப முடியாத உருவம். மாசோனியா என்ற இன்னொன்று ஆறுகளிலும் கழிமுகங்களிலும் வாழ்ந்து, பல மீட்டர் நீளத்துக்கு வளர்ந்தது. ஆற்று நீர், ஆழமற்ற கடல், உப்பங்கழி என்று எல்லா இடத்திலும் இந்தக் குடும்பம் பிழைப்பு நடத்திப் பார்த்திருக்கிறது. இன்றிருக்கும் லாட்டிமேரியா பேரினத்துக்கு ஒரு புதைபடிவம்கூட இதுவரை கிடைக்கவில்லை. அதற்கு நெருங்கிய பழைய உறவான மாக்ரோபோமா அளவில் இதைவிட மிகச் சிறியது. எலும்பமைப்பிலும் வேறுபட்டது. 40 கோடி ஆண்டாக 'இதே மீன்' இருக்கிறது என்பதற்கு ஆதாரமே கிடையாது.

உடம்புக்குள்ளும் மாற்றத்தின் தடம் இருக்கிறது. மாக்ரோபோமா போன்ற பழைய சீலகாந்துகளுக்கு நுரையீரல் இருந்தது. சுற்றிலும் எலும்புத் தகடுகள் இருந்ததால் அது கல்லிலும் பதிந்திருக்கிறது. ஆழமற்ற நீரில் வாழ்ந்த அவற்றுக்கு மேலே வந்து காற்றை விழுங்க அது உதவியிருக்கும். இன்றைய சீலகாந்துக்கும் நுரையீரல் இருக்கிறது, ஆனால் வேலை செய்யாது. 2015இல் வெவ்வேறு வயதுச் சீலகாந்துகளை ஊடுகதிர் கொண்டு அடுக்கடுக்காகப் படமெடுத்துப் பார்த்தார்கள். கருவில் இருக்கும்போது நுரையீரல் ஓரளவு நன்றாகவே வளர்கிறது, பிறகு வளர்ச்சி நின்றுபோய், பெரிய மீனில் சிறு எச்சமாகச் சுருங்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றியிருந்த எலும்புத் தகடுகளும் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கின்றன. பக்கத்திலேயே கொழுப்பு நிரம்பிய ஒரு பெரிய உறுப்பு. ஆழத்தில் மூழ்காமலும் மேலே எழாமலும் நிற்க அந்தக் கொழுப்புதான் துணை. மேல்நீரில் வாழ்ந்த ஒரு குடும்பம் ஆழ்நீருக்குக் குடிபெயர்ந்த கதை இந்த ஒரு மீனின் வயிற்றுக்குள் இருக்கிறது.

மரபணு என்ன சொல்கிறது? 2013இல் சீலகாந்தின் முழு மரபணுத்தொகுதியையும் படித்து வெளியிட்டார்கள். புரதம் செய்யும் மரபணுக்கள் மற்ற முதுகெலும்பிகளைவிட மெதுவாக மாறுகின்றன என்பது உண்மைதான் என்று தெரிந்தது. மெதுவாக மாறுவது வேறு, மாறாதிருப்பது வேறு. அதே தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவும் மரபணுத் துண்டுகள் சுறுசுறுப்பாகவே இருக்கின்றன. அப்படித் தாவி வந்த துண்டுகளிலிருந்து சீலகாந்து 62 புதிய மரபணுக்களைப் பெற்றிருக்கிறது என்று 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆப்பிரிக்க இனமும் இந்தோனேசிய இனமும் பிரிந்து மூன்று நான்கு கோடி ஆண்டு ஆகியிருக்கலாம் என்பது ஒரு கணக்கு. இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவோடு மோதி, இமயமலை எழுந்து, பெரிய ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கரையோரப் பாறைக் குகைகளை மூடிவிட்டதால், மேற்கே ஒரு கூட்டமும் கிழக்கே ஒரு கூட்டமுமாகப் பிரிந்திருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. இது நிரூபணமான முடிவு அல்ல. ஆனாலும் இரண்டு இனங்களுக்கும் நடுவே ஏன் இவ்வளவு பெரிய இடைவெளி என்பதற்கு நான் படித்த விளக்கங்களில் மனதுக்குப் பொருந்துவது இதுதான்.

அதே 2013 ஆய்வு இன்னொரு பழைய நம்பிக்கையையும் தள்ளிவைத்தது. சீலகாந்தின் கை போன்ற துடுப்பைப் பார்த்து, தரைக்கு ஏறிய முதல் விலங்கின் நேரடி முன்னோர் இதுதான் என்று பலர் எழுதினார்கள். மரபணுக்களை ஒப்பிட்டபோது, நான்கு கால் விலங்குகளுக்கு, அதாவது நமக்கு, மிக நெருங்கிய மீன் உறவு நுரையீரல் மீன்தான் என்று தெரிந்தது. சீலகாந்து அடுத்த கிளை. நடக்கிறதா என்ற கேள்விக்கு 1987லேயே பதில் கிடைத்திருந்தது. ஹான்ஸ் ஃப்ரிக்கே என்ற ஜெர்மன் ஆய்வாளர் சிறு நீர்மூழ்கியில் கொமோரோவின் ஆழத்துக்கு இறங்கி, சீலகாந்தை அதன் சொந்த இடத்தில் முதல்முறையாகப் படம் பிடித்தார். அது தரையில் கால் ஊன்றவே இல்லை. ஆனால் இடது முன் துடுப்பும் வலது பின் துடுப்பும் சேர்ந்து அசைகின்றன, பிறகு வலதும் இடதும். பல்லி நடக்கும்போது கால்கள் மாறி மாறி வருமே, அதே ஒழுங்கு. சில வேளை தலைகீழாக நின்றுகொண்டு அப்படியே மிதக்கிறது.

எப்படிப் பிழைத்தது என்பதற்குப் பதிலும் ஃப்ரிக்கேயின் படங்களில்தான் தொடங்குகிறது. பகலெல்லாம் 180 முதல் 250 மீட்டர் ஆழத்தில், எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான குகைகளில் சீலகாந்துகள் கூட்டமாக ஒண்டிக் கிடக்கின்றன. ஒன்றோடொன்று சண்டையில்லை. இரவானதும் வெளியே வந்து, நீரோட்டத்தோடு சும்மா போய்க்கொண்டே, வாய்க்கு எட்டியதைப் பிடிக்கின்றன. மூக்குப் பகுதியில் மின்புலத்தை உணரும் ஓர் உறுப்பு இருக்கிறது, இருட்டில் ஒளிந்திருக்கும் இரை அதற்குத் தெரியும். மண்டையோட்டின் நடுவே ஒரு மூட்டு. இன்று உயிரோடிருக்கும் வேறு எந்த முதுகெலும்பிக்கும் இப்படி ஒன்று இல்லை. அதனால் வாயை அகலத் திறந்து இரையை நீரோடு சேர்த்து உறிஞ்ச முடிகிறது. ஆழத்துக்கு எட்டும் மங்கிய நீல ஒளிக்கு ஏற்றபடி கண்ணும் அமைந்திருக்கிறது.

உடம்பின் செலவு மிகமிகக் குறைவு. செவுளின் பரப்பு இந்த அளவு மீனுக்குப் பெரும்பாலான மீன்களைவிடச் சிறியது. ஆக்சிஜனை மெதுவாகத்தான் எடுக்கும், அதனால் மெதுவாகத்தான் வாழவும் முடியும். அந்தச் செங்குத்தான எரிமலைச் சரிவுகளில் இரை குறைவு. வேகமாக நீந்தும் மீன்களுக்கு அங்கே கட்டுப்படியாகாது. அதனால் போட்டியும் குறைவு. டார்வின் 1859இல் 'வாழும் புதைபடிவம்' என்ற சொல்லைப் பயன்படுத்தியபோதே, இவை ஒதுங்கிய சிறு இடங்களில், போட்டி குறைந்த சூழலில் வாழ்ந்ததால் தப்பியிருக்கின்றன என்று காரணமும் சொல்லியிருந்தார். பட்டம் மட்டும் பிரபலமாகி, காரணம் பின்னால் தங்கிவிட்டது. 6.6 கோடி ஆண்டாகப் படிவமே இல்லாததையும் இந்த இடத்தை வைத்து ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். செங்குத்துப் பாறைச் சரிவில் செத்த மீன் சேற்றில் அமைதியாகப் புதைவதில்லை. எரிமலைத் தீவுகளின் அடி ஆழம், பிற்காலத்தில் மனிதன் சுத்தியலோடு நடந்துபோகக்கூடிய நிலமாக மேலே எழுவதும் அரிது.

மெதுவான வாழ்க்கை என்பது எவ்வளவு மெது என்று 2021இல்தான் சரியாகத் தெரிந்தது. செதிலில் மரத்துக்கு இருப்பதுபோல் ஆண்டு வளையங்கள் உண்டு. சாதாரண ஒளியில் கண்ணுக்குப் பட்ட சில வளையங்களை மட்டும் எண்ணி, சீலகாந்து 20 ஆண்டு வாழும் என்று முன்பு சொல்லியிருந்தார்கள். அவ்வளவு பெரிய, அவ்வளவு சோம்பலான மீன் 20 ஆண்டுக்குள் அந்த அளவுக்கு வளர முடியுமா என்று உறுத்தலும் இருந்தது. கெலிக் மாஹே தலைமையிலான பிரெஞ்சுக் குழு 27 மீன்களின் செதில்களை முனைவாக்கிய ஒளியில் வைத்துப் பார்த்தது. பெரிய வளையங்களுக்கு இடையே மிக மெல்லிய வளையங்கள் நெருக்கமாக இருந்தன. அவைதான் உண்மையான ஆண்டு வளையங்கள். எண்ணிப் பார்த்ததில் மூத்த மீனுக்கு வயது 84. நூறு ஆண்டு வரை வாழக்கூடும். பருவமடைய 50 வயதைத் தாண்ட வேண்டும். அந்த 27இல் பிறக்காத குட்டிகளும் இருந்தன, அவற்றின் செதிலிலேயே சுமார் ஐந்து வளையம். அப்படியானால் சினைக்காலம் ஏறக்குறைய ஐந்து ஆண்டு! நமக்குத் தெரிந்த மீன்களில் இவ்வளவு நீண்ட சினைக்காலம் உறுதியாகக் கண்டறியப்பட்டது வேறு எதிலும் இல்லை.

முட்டை இடாமல் குட்டி போடும் மீன் இது. அதுவும் தற்செயலாகத் தெரிந்ததுதான். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த ஒரு பெண் மீனை 1975இல் அறுத்துப் பார்த்தபோது உள்ளே ஐந்து குட்டிகள் இருந்தன. 1991இல் மொசாம்பிக் கடலில் பிடிபட்ட 98 கிலோ மீனுக்குள் 26 குட்டிகள். இந்தக் குட்டிகள் பிறந்த பிறகு எங்கே வளர்கின்றன என்பதற்குக் கிடைத்த தடயம் மிகக் குறைவு. 2009இல் மனாடோ வளைகுடாவில் ஜப்பானியக் குழு ஒன்று, ஓரடி நீளக் குட்டி ஒன்றைச் சுமார் 160 மீட்டர் ஆழத்தில் ஆளில்லா நீர்மூழ்கி வழியாகப் படம் பிடித்தது.

எந்தக் குணம் இவற்றைக் கோடிக்கணக்கான ஆண்டு காத்ததோ அதுவே இப்போது ஆபத்தாகியிருக்கிறது. 50 வயதில் முதல் சினை, ஐந்து ஆண்டு சுமை என்று வாழும் மீன், ஆண்டுக்குச் சில கூடுதலாகச் செத்தால்கூட ஈடுகட்ட முடியாது. ஒவ்வொரு மீனின் வெள்ளைத் திட்டும் தனித்தனி என்பதால், ஃப்ரிக்கேயின் குழு அவற்றை ஆள் அடையாளம் காண்பதுபோல் கண்டு, 21 ஆண்டில் 145 மீன்களைப் பதிவு செய்தது. கிராண்ட் கொமோர் தீவைச் சுற்றி மொத்தமாகவே 300 முதல் 400 வரை இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. ஆப்பிரிக்க இனத்தை 'மிக அருகிய இனம்' என்றே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. மேலே கொண்டுவந்து தொட்டியில் வைத்துக் காப்பாற்றலாம் என்ற எண்ணமும் செல்லாது. வெதுவெதுப்பான மேல்நீரில் ஆக்சிஜன் குறைவு, அந்தச் சிறிய செவுளுக்கு மூச்சு முட்டிப்போகும். 2007இல் மனாடோவில் பிடிபட்ட ஒன்று 17 மணி நேரம் உயிரோடிருந்ததே பெரிய செய்தியானது.

சீலகாந்து விற்பனைக்கு 1989 முதலே உலக வணிகத் தடை இருக்கிறது. ஆனால் சீலகாந்துக்காக யாரும் வலை போடுவதில்லை என்பதால் வணிகத் தடை மட்டும் பயன் தராது. தான்சானியாவின் டாங்கா கரையில் 2003 முதல் அடுத்தடுத்து சீலகாந்துகள் மாட்டின. காரணம் சுறாவுக்காக ஆழத்தில் இறக்கும், பெரிய கண்ணிகள் கொண்ட செவுள் வலை (மீனின் செவுள் சிக்கிக்கொள்ளும் வலை). மடகாஸ்கரிலும் இதே வலை, இதே கதை. 1980களிலிருந்து சுறாத் துடுப்புக்கும் சுறா எண்ணெய்க்கும் கிராக்கி ஏற ஏற, கரையோரச் சுறா குறைந்து, வலை ஆழத்துக்கு இறங்கியது. 100 மீட்டருக்குக் கீழே, குகையிலிருந்து இரவில் வெளியே வரும் மீன் போகும் அதே பாதையில் அது விரிந்து நிற்கிறது. கொமோரோவின் பழைய தூண்டில்காரர்களுக்கு எப்போதாவதுதான் மாட்டும், அந்த அளவைச் சீலகாந்து தாங்கியது. வலை அத்தோடு நிற்பதில்லை.

தான்சானியா 2009இல் டாங்கா கரையைச் சீலகாந்துக் கடல் பூங்காவாக அறிவித்தது. தென்னாப்பிரிக்காவின் சோட்வானா விரிகுடாவில், 2000இல் முக்குளிப்பவர்கள் 100 மீட்டரைத் தாண்டிய ஆழத்தில் சீலகாந்தைக் கண்ட பள்ளத்தாக்கு, ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட ஈரநிலப் பூங்காவின் கடற்பகுதியில் இருந்தது அதிர்ஷ்டம். மடகாஸ்கரில் அப்படி இல்லை. அங்கே வலை போடுகிறவர்கள் ஏழை மீனவர்கள். சுறாவை வாங்கும் வியாபாரி எங்கோ வெளிநாட்டில் இருக்கிறார். அந்த மீனவர்களின் வலையைப் பிடுங்கிக்கொள்வதில் நியாயமில்லை. சீலகாந்து இருக்கும் பள்ளத்தாக்குகள் எவை என்று அடையாளம் கண்டு, அந்த இடங்களில் மட்டும் ஆழ்வலை இறக்காமலிருக்க மீனவர்களோடு பேசி முடிவுசெய்து, அதனால் வரும் நட்டத்தை ஈடுகட்டுவது செய்யக்கூடிய காரியம். எந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை முறை கொம்பெஸ்ஸா மாட்டியது என்பது அந்த மீனவர்களுக்குத்தான் முதலில் தெரியும். கணக்கை அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.